வாரம் பதினான்கு முட்டை

அக்காவுக்குச் சோறு இறங்கும் குழாயில் கட்டி. தண்ணீர்கூட இறங்காமல் போனபோதுதான் மலையிறங்கி, டவுனில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் சிறு துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டியை வெட்டி எடுக்க வேண்டும், ஆனால் முப்பத்தெட்டு கிலோ உடம்பு அதைத் தாங்காது என்றார் டாக்டர். இரண்டு மாதத்தில் நாற்பத்திரண்டு கிலோவாகி வந்தால் ஆபரேஷன். வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அங்கே தமிழ் பேசும் மிஸ்ஸி ஒருவர் இருந்தார். நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பால்மாவைக் கரைத்து, முட்டையை அடித்து ஊற்றி, சீனியும் ஒரு கரண்டி எண்ணெயும் குழைந்த கஞ்சியும் சேர்த்து, துணியில் வடிகட்ட வேண்டும். அக்காவைச் சாய்த்து உட்காரவைத்து, குழாயின் நுனியில் புனலைச் செருகி வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும். கடைசியில் அரை டம்ளர் வெந்நீர். ஒரு நாளைக்கு ஆறு முறை ஊற்றவேண்டும், அதில் மொத்தம் இரண்டு முட்டை.

"எது விட்டாலும் முட்டைய விட்டுறாதம்மா. அதுலதான் சதை புடிக்கும்," என்றார். பெரிய கெட்டிக்காரி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நின்றுவிட்டாள். எனக்குக் கல்யாணமான பிறகும் எங்களோடு லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில்தான் இருந்தாள். எங்கள் தோட்டத்தில் கூடைக்கு அடியில் கல்லை வைத்து எடை ஏற்றுகிற கில்லாடிகள் உண்டு. அதனால் நிறுவையின்போது கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு கூடையிலும் கையை விட்டுத் துழாவுவார். அக்காவின் கூடையில் மட்டும் கை வைக்க மாட்டார். அந்தப் பெருமையை நான் என் பெருமையாகப் பேசித் திரிந்திருக்கிறேன்.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் நல்ல மனிதர். தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசி, அக்காவுக்காக வாரம் பதினான்கு முட்டையும் ஒரு டின் பால்மாவும் ஏற்பாடு செய்தார். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து வரும் காய்கறி லோரியில், கோஸுக் கூடைகளுக்கு நடுவே வைக்கோல் சுற்றி முட்டைகள் வந்து சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்காவை நிறுத்துப் பார்த்துத் தடித்த நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார். யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு.

முதல் வாரம் ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவது வாரம் குழாய் நுழையும் இடத்தில் தோல் சிவந்து சீழ் வைத்தது. எதிர்வீட்டு அத்தை வந்து எட்டிப் பார்த்தார்.

"பச்சப் புண்ணுக்காரிக்கு முட்டையா குடுக்கற? முட்டை கிரந்திடி. சீழ் வைக்காம என்ன செய்யும்? காயற வரைக்கும் பத்தியமா கஞ்சி ஊத்து."

புண் இருக்கும்போது முட்டை, கருவாடு, கத்திரிக்காய் ஆகாது என்பது எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். மிஸ்ஸிக்கு மட்டும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். முட்டையை நிறுத்தினேன். டிரஸ்ஸரிடம் சொல்லவில்லை, திட்டுவார். நாலாம் நாள் புண் காய்ந்தது. அவர் கொடுத்த களிம்புதான் வேலை செய்திருக்கும். நாங்கள் பத்தியத்துக்குப் பேர் கொடுத்தோம்.

இதுவரை நடந்ததைப் படிக்கிறவர்கள் அறியாமை என்று மன்னித்துவிடுவார்கள். இனிமேல் நடந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

அப்போது எனக்கு மூன்று மாதம். சோற்றைக் கண்டால் குமட்டல், தேத்தண்ணியைக் குடித்தால் வாந்தி. நாலு நாள் முட்டை கூடையில் அப்படியே இருந்தது. கெட்டுப்போகுமே என்று ஒன்றை அரைவேக்காடாக அவித்து, மிளகுத்தூள் போட்டுத் தின்றேன். வயிற்றில் நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்புக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மறுநாள் இரண்டு தின்றேன். புண் இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை, தின்றேன். முட்டை ஓடுகளை எல்லாம் நசுக்கி, பின்பக்கம் கீரைப் பாத்தியில் புதைத்தேன். தவறில்லை என்று நம்பியிருந்தால் எதற்குப் புதைக்க வேண்டும்?

நான் தின்னும்போது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு கஞ்சியை நான் ஊற்ற ஊற்றப் புனலையே பார்ப்பாள்.

"போதுமாக்கா?"

"போதும்."

அவ்வளவுதான் பேச்சு. நிறுவை நாள் வந்தால் நான் டிரஸ்ஸரின் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஆனால் முதல் தடவை முப்பத்தொன்பது என்றார் டிரஸ்ஸர், அடுத்த தடவை நாற்பது. குளிருக்காக அக்கா தடித்த ஸ்வெட்டரைப் போட்டிருப்பாள், அதைக் கழற்றச் சொல்ல அவருக்கு மனம் வராது. கடைசித் தடவை நாற்பத்திரண்டு. "கைராசிக்காரிம்மா நீ," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கஞ்சியிலேயே உடம்பு ஏறுகிறதே என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சந்தோஷமாக இன்னொரு முட்டை தின்றேன்.

இரண்டு மாதம் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே உடுப்பை மாற்றச் சொல்லி, மெல்லிய ஆஸ்பத்திரிச் சட்டையோடு தராசில் ஏற்றினார்கள். முப்பத்தாறு. இரண்டு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் பழைய எடை எழுதிய கடுதாசியைப் பார்த்தார், மிஸ்ஸி என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது? முட்டை குடுத்தியா இல்லியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"குடுத்தா மிஸ்ஸி. ஒரு நாள் தவறாம குடுத்தா. என் உடம்புலதான் ஒட்டல."

ஆபரேஷன் இல்லை என்று ஆகிவிட்டது. குழாயோடு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வெளியே வந்து, அவள் கழற்றிப்போட்ட துணிகள் இருந்த பையைத் தூக்கினேன். கை இழுத்தது. ஸ்வெட்டருக்குள் ஒரு துணிப்பட்டை, இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி தைத்தது. அதற்குள் வழவழப்பான ஆற்றுக் கற்கள்.

"என்னாக்கா இது?"

"கல்லுதான். எளச்சது தெரிஞ்சா டிரஸ்ஸர் உன்னத்தான கேப்பாரு? புள்ளத்தாச்சிய நாலு பேர் முன்னால நிக்க வைக்கவா?"

பையைக் கீழே வைத்தேன். "உனக்குத் தெரியுமா?"

"மஞ்சளா ஊத்துனது வெள்ளையா வருது. தொண்டைதான் அடைச்சிருக்கு, கண்ணு நல்லாத்தான் இருக்கு லா."

"அப்ப ஏங்க்கா கேக்கல?"

"கேட்டிருந்தா எனக்குக் குடுத்திருப்ப. நீ தின்னிருக்க மாட்ட." ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "கஞ்சியிலயே ஏறிக்கும்னு நானும்தான் நெனச்சேன்."

பஸ் மலையேறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அவள் குழாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். வாழ்நாள் முழுதும் கூடையில் ஒரு கல் வைக்காதவளை நான்தான் தராசுக்குப் பொய் சொல்ல வைத்தேன்.

மறுநாளிலிருந்து பதினான்கு முட்டையும் அவளுக்கே போனது. மஞ்சளாக, கெட்டியாக, மிஸ்ஸி சொன்னபடியே ஊற்றினேன். உடம்பு ஏறவில்லை. எனக்குப் பிள்ளை பிறப்பதற்கு ஐந்து வாரம் இருக்கும்போது அக்கா போய்விட்டாள். பல வருடம் கழித்துக் கணவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். முட்டை என்ன செய்யும், கட்டிதானே கொண்டுபோனது என்றார். இருக்கலாம். ஆனால் நாற்பத்திரண்டு இருந்திருந்தால் கத்தி வைத்திருப்பார்கள். அந்த நாலு கிலோவை அவள் என்னை நம்பி விட்டிருந்தாள். ஆறுதல் சொல்கிறவர்கள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிள்ளை தோட்டத்து மருந்தகத்தில்தான் பிறந்தது. பெண். டிரஸ்ஸர் அவளைத் துணியில் சுற்றி நிறுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக அந்தத் தடித்த நோட்டை எடுத்தார்.

"மூணே முக்கால் கிலோ! இந்த லயத்துல இப்படி ஒரு புள்ள பொறந்ததில்ல லா. உங்க அக்கா பாக்கக் குடுத்து வைக்கல. அப்படி என்னதாம்மா சாப்பிட்ட?"

"கஞ்சிதான் ஐயா," என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.