சவரிமுத்துவின் அணில்

போன வாரம் பண்ருட்டி பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது வறுத்த முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலம் வாங்கினேன். உடைந்த பருப்புதான். மருத்துவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பட்டியலில் அது மூன்றாவதாக இருக்கிறது. முதல் இரண்டையும் ஒழுங்காக விட்டுவிட்டேனே என்ற தைரியத்தில் வாங்கிவிட்டேன். தின்றுகொண்டே போனைத் தொட்டேன். கண்ணாடியில் விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் தடம். சட்டையில் துடைத்தேன், போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். வயதானவன் ஒருவன் பேருந்து நிலையத்தில் போனை முகர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெண்மணி சற்று நகர்ந்து நின்றார்.

அவர்மீது தவறில்லை. நான் முகர்ந்தது போனை அல்ல என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் ஒரு சுரங்கத்தில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தேன். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி, பெல்ட்டில் ஏற்றி, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கைமாற்றி வெகுதூரம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அந்த பெல்ட் வரிசைக்கு ஒரு கன்ட்ரோல் கேபின். அதில் ஆபரேட்டர் சவரிமுத்து. பண்ருட்டிப் பக்கத்துக்காரர். வீட்டுக்குப் பின்னால் நாலைந்து முந்திரி மரங்கள் உண்டு என்பதால் சாப்பாட்டுப் பையில் எப்போதும் வறுத்த முந்திரி இருக்கும். அந்தப் பையில் ஒருநாள் ஒரு விளையாட்டுச் சாதனமும் வந்தது.

உள்ளங்கை அகலத்தில் செங்கல் மாதிரி கனமாக இருக்கும். நாலு பேட்டரி போட வேண்டும். பாசி நிறத் திரையில் கறுப்பாக ஓர் அணில். சவரிமுத்துவின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து குழந்தைக்கென்று வாங்கி வந்தது. குழந்தை அதைக் கடிக்கிற வயதில் இருந்ததால் அப்பா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விளையாட்டு எளிது போலத் தோன்றும். அடுக்கடுக்கான தளங்களில் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். அணில் ஓடித் தாவி எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு பொந்துக்குள் போய்விட வேண்டும். இடைவெளிகளைக் கடக்கக் கட்டத்துக்கு மூன்றே மூன்று பலகைகள். ஒரு பலகையை வைத்தால் வைத்ததுதான், எடுக்க முடியாது. தப்பான இடத்தில் வைத்துவிட்டால் அணில் ஏதாவது ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இன்ஜினியரிங் படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பொறி யாரும் வைக்க முடியாது.

சவரிமுத்துவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. "பெல்ட்டு ஓடிக்கினு இருக்கும்போது தொட மாட்டேன் சார். நின்னாத்தான் எடுப்பேன்" என்பார். சொன்னபடியே இருந்தார். கட்டுப்பாடு இல்லாதவன் நான். ரவுண்ட்ஸ் என்ற பெயரில் ஜீப்பை அந்த கேபின் பக்கம் விடச் சொல்லுவேன். அவர் பொத்தான்களில் முந்திரி எண்ணெய் பிசுக்காக இருக்கும். என் விரல் வழுக்கி அணில் பள்ளத்தில் விழும். "கொட்டையத் தின்னுட்டு கைய கழுவுய்யா" என்று நானும், "கை கழுவுனா மட்டும் நாப்பத்தேழு முடிஞ்சிடுமா சார்" என்று அவரும் பேசிக்கொள்வோம். நாற்பத்தேழாவது கட்டத்தில் இருவரும் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

இனி சொல்லப்போவதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன்.

ஒரு பெல்ட் நின்றால், அதன்மேல் மண்ணைக் கொட்டும் பெல்ட்டும் தானாகவே நின்றுவிட வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இன்டர்லாக் என்போம். அன்று பகல் ஷிப்டில், காரணமே இல்லாமல் பெல்ட் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. எங்கோ ஒரு ஸ்விட்ச் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். பைபாஸ் சாவியைப் போட்டு இன்டர்லாக்கை விலக்கி வைத்தேன். அந்தச் சாவி இன்ஜினியரிடம் மட்டும்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பேனலை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, ஏதாவது நின்றால் கையால் நிறுத்த வேண்டும். சவரிமுத்துவை அழைத்து, வரிசையின் மறுகோடி வரை நடந்து ஸ்விட்ச்சுகளைப் பார்த்து வரச் சொன்னேன். "போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. எங்களுக்குள் அப்படி வழக்கமில்லை.

அவர் போனதும் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசைமேல் அந்தச் சாதனம் இருந்தது. மூன்றாவது பலகையை எங்கே வைக்க வேண்டும் என்பது அந்த நிமிடம்தான் எனக்குப் புலப்பட்டது.

நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, இரண்டு பெல்ட்டுகள் சேரும் இடத்தில் மண் மலையாகக் குவிந்திருந்தது. முன்னால் இருந்த பெல்ட் எப்போதோ நின்றிருக்கிறது. பின்னால் இருந்தது கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பெல்ட் நெடுக்கக் கிழிந்துபோயிருந்தது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் அடிபடவில்லை. ஆட்கள் ஓடி வருவது தெரிந்தது. நான் செய்த முதல் காரியம், பைபாஸ் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் அந்தச் சாதனத்தை வைத்திருந்தார்கள். "இது யாருடையது?" என்றார்கள். "என்னுதுங்க" என்றார் சவரிமுத்து. "அப்போது எங்கே இருந்தாய்?" அவர் என்னைப் பார்த்தார். சீட்டை விட்டு வெளியே போனது விளையாடியதைவிடப் பெரிய குற்றம். போகச் சொன்னவன் வாயைத் திறந்தால்தான் அவர் தப்ப முடியும். நான் கையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் பக்கம் திரும்பி, "கேபின்லதாங்க இருந்தேன்" என்றார். இரண்டு குற்றங்களில் சிறியதை அவரே எடுத்துக்கொண்டார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைதான், ஒன்றுமே சொல்லவில்லை.

கேபினிலிருந்து அவரை எடுத்து, பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரிப்போடும் கும்பலில் விட்டார்கள். இருபது வருடம். அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் பதவி உயர்வில் தாண்டிப் போனார்கள். என்னைக் கண்டால் மண்வெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு "வணக்கம் சார்" என்பார். நான் ஜீப்பை வேறு பாதையில் விடச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குறிஞ்சிப்பாடியில் குடியேறினேன். இரண்டாயிரத்துப் பத்துகளின் தொடக்கம் அது. ஒருநாள் நெய்வேலி நகரியத்து ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார், நம்ம அணிலு திரும்பி வந்துகிது."

சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்த மகள், கடிக்கிற வயதில் இருந்த அதே பெண், அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதில் அந்தப் பழைய விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டதைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். "வூட்டுக்கு வாங்க, காட்றேன்" என்றார். மறுக்க ஒரு காரணம் தேடினேன். மருந்துச் சீட்டைத் தவிரக் கையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவருடைய குவார்ட்டர்ஸ் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அணிலுக்கு நிறம் வந்திருந்தது, மீசை வந்திருந்தது. பின்னால் காடு, இலைகள் அசைந்தன. ஆனால் கட்டங்கள் அதே கட்டங்கள். கீச்சுக் குரலில் ஒலித்த இசையை இப்போது முழு வாத்தியங்களோடு வாசித்திருந்தார்கள். அதைக் கேட்டதும் என் காதுமடல் சூடானது. இன்னொன்றும் புதிதாக இருந்தது. ஓரத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்திப் பிடித்தால் அணில் வந்த வழியே பின்னோக்கி ஓடும், வைத்த பலகை கைக்குத் திரும்பி வரும். சவரிமுத்து அதைத் தொடவே மாட்டார். நான் அதை விடவே மாட்டேன்.

வாரம் ஒருமுறை போகத் தொடங்கினேன். அவருடைய மனைவி பிலோமினா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் நின்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போவார். "நீங்களாவது சொல்லுங்க சார். இந்த அணிலாலதான் இருவது வருசம் வெயில்ல மண்ணு வாரினாரு. பொண்ணு ஃபீஸ் கட்ட நான் எவ்ளோ அல்லாடினேன்னு கேளுங்க. இன்னும் புத்தி வர்ல, கட்டிப்புடிச்சிகினு உக்காந்துகிறாரு." சவரிமுத்து தலையைத் தூக்காமல், "நீ காபியில சக்கரைய போடு மொதல்ல" என்பார்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, கேட் வரை வழியனுப்ப வந்தவரிடம் கேட்டேன். "வீட்ல சொல்லவே இல்லையா?"

"இன்னாத்த?"

"அன்னைக்கு விளையாடுனது நான்னு."

சிரித்தார். "சொல்லியிருந்தா உங்களுக்குக் காபி குடுப்பாளா சார்? சாமி ஆடிடுவா. எனக்கு அவகிட்ட பேச்சு வாங்கறது பழகிப்போச்சி, வுடுங்க."

விட முடியவில்லை. அடுத்த வாரம் பிலோமினா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைப் பையில் போட்டது வரை. அவர் கை மட்டும் நின்றது. என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

"அப்ப நீ கேபின்லயே இல்லியா?"

"இல்ல."

"எத்தினி வருசம் உன்ன பேசியிருப்பேன். ஒரு நாளு வாயத் தொறந்தியா?"

"தொறந்தா நீ எங்க பேச வுட்ட."

அவர் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னாண்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? நானா மெமோ குடுத்தேன்? அடுத்த மாசம் இவருக்கு செண்ட் ஆஃப். அங்க அத்தினி பேரும் வருவாங்க. அங்க சொல்லுங்க." முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று காபி வரவில்லை.

எங்கள் ஊர் பணி நிறைவு விழா உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஷெட்டில் ஷாமியானா, மாலை, சால்வை, லட்டு, மிக்சர். பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசுவார்கள். அன்றும் பேசிய ஐந்து பேரில் மூன்று பேர் "அணில் புகழ் சவரிமுத்து" என்று தொடங்கிச் சிரிப்பை வாங்கினார்கள். மாலைக்குள்ளிருந்து அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய அதிகாரி என்று என்னையும் அழைத்தார்கள்.

"அன்று விளையாடியவர் சவரிமுத்து இல்லை. நான்" என்றேன்.

கைதட்டினார்கள். விழா நடத்துகிறவர் பக்கத்திலிருந்த மைக்கில், "பெரிய மனுசன் எப்பவும் பெரிய மனுசன்தான்" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். என் பெருந்தன்மையைப் பாராட்டுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு கணம் அது இனித்தது. அப்படியே உட்கார்ந்துவிடலாம், சொன்னதாகவும் ஆகிவிடும். சவரிமுத்துவே உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். முன்வரிசையில் பிலோமினா மட்டும் கைதட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைபாஸ் போட்டிருந்தேன்" என்றேன். "அவரை வெளியே அனுப்பியது நான். ஆட்கள் வருவதற்கு முன்னால் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்."

கைதட்டல் பின்வரிசையிலிருந்து நின்றுகொண்டே வந்தது. அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன் ஒருவர், மிக்சர் தட்டோடு எழுந்தார். "சாவி உங்ககிட்ட இருந்துதா சார்? ரெண்டு நாளு அந்த இன்டர்லாக்க பிரிச்சி பிரிச்சி பார்த்தேன். ஏன் வேலை செய்யலன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

"அதில் ஒரு கோளாறும் இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் இறங்கியபோது யாரும் கைதட்டவில்லை. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஓய்வு பெறுகிறவரை மாலையோடு வேனில் வீடுவரை கொண்டுபோய் விடுவது வழக்கம். என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை. நான் பேருந்து நிறுத்தம் பக்கம் நடக்கத் தொடங்கினேன். வேன் பின்னாலேயே வந்து நின்றது. மாலையை ஒதுக்கிப் பக்கத்தில் இடம் விட்டு, "ஏறுங்க சார். அவ காபி போட்டுட்டு, ஆறிப்போச்சின்னு என்னத்தான் திட்டுவா" என்றார் சவரிமுத்து. பக்கத்தில் இருந்த பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போனதும் காபி வந்தது.

அதன்பிறகு மூன்று வருடம் போல இருக்கும், சேர்ந்து விளையாடினோம். அவர்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பண்ருட்டி வீட்டுக்குப் போய்விட்டதால் அங்கே போவேன். அணிலை வைத்து பிலோமினா திட்டியதை மட்டும் பிறகு நான் கேட்டதில்லை. பலகையைத் தப்பாக வைத்துவிட்டு அந்தப் பின்னோக்கும் பொத்தானை நோக்கி என் விரல் போகும்போதெல்லாம் சவரிமுத்து, "சார் பைபாஸ் போடறாருடி" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "போடட்டும், சாவி அவருகிட்டதான கீது" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். எனக்கு முகம் சிவக்கும். ஆனால் அதைக் கேட்கத்தான் பஸ் ஏறிப் போனேன்.

அந்த கேபின் இருந்த இடம் இப்போது இல்லை. சுரங்கம் வெட்டிக்கொண்டே நகர்ந்து போய்விட்டது. அந்த விளையாட்டும் புதிய போன்களில் திறப்பதில்லை, காலாவதியாகிவிட்டதாக ஒரு வரி மட்டும் வருகிறது. சவரிமுத்து போன பிறகு பிலோமினாவை மகள் சென்னைக்கு அழைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எப்போதாவது பேசுவார். மாத்திரை சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்குது என்று கேட்பார். மிகவும் மரியாதையாகப் பேசுகிறார். கேலி செய்வதில்லை.