இரத்தம் காட்டிக்கொடுத்த நோன்பு

என் கணவருக்கு ஈரல் சுருங்கிவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தமும் கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை. மாதம் ஒருமுறை மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போய் சோதனைக்கு இரத்தம் கொடுப்போம். பிலிருபின், கிரியேற்றினின், இரத்தம் உறைய எடுக்கும் நேரம் என்று நாலைந்தைச் சேர்த்து டொக்டர் ஓர் எண் சொல்வார். அது ஏற ஏற, அடுத்த மூன்று மாதம் ஆள் இருப்பாரா என்பதே சந்தேகம். பத்தாம் வகுப்போடு நின்ற நான் அந்தப் பெயர்களையெல்லாம் பாடமாக்கிவிட்டேன்.

போன நோன்பு மாதம், "நீர் போக மாத்திரை குடிக்கிறவர் நோன்பு பிடிக்கவே கூடாது" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் நோன்போடு சமைத்து, அவர் தன் கடைக்குப் போகும்போது சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுப்பேன். மாலையில் வெறும் பெட்டி வரும். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கும் எழும்பி என்னோடு நாலு வாய் சாப்பிடுவார். எனக்குத் துணையாக்கும் என்று நானும் உருகிப்போனேன்.

மாதத்தின் நடுவில் இரத்தம் பார்த்தால், கிரியேற்றினின் கூடி, எண் எங்கேயோ போயிருந்தது. காரைதீவுக்காரரான அந்த டொக்டர் தாளையும் என் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பகல்ல தண்ணி குடிக்கிறீங்களா?"

"நோன்பு புடிச்சன் டொக்டர்."

"அப்ப நான் தந்த சோறு?" என்றேன்.

"பக்கத்துக் கடைத் தையல்காரருக்குக் குடுத்தன். அவருக்கு நோன்பில்லத்தானே. நல்லாருக்கெண்டு சொன்னாரு புள்ள."

பதினைந்து நாளாக என் சமையலில் பாண்டிருப்புத் தையல்காரர் கொழுத்திருக்கிறார்! இடம் பொருள் மறந்து கத்தினேன்.

"நீங்க மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் விதவையா வீட்டுக்குள்ள இத்தா இருக்கிறது நான். அத யோசிச்சீங்களா?"

"ஓம். இதுதான் கடைசி நோன்பெண்டு நினச்சன் புள்ள. உட மனசு வரல்ல."

இந்த மனிதர் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது.

"இப்பவே தண்ணி குடிக்கணும். மூணு நாளில திரும்ப இரத்தம் பாப்பம்," என்றார் டொக்டர்.

வெளியே வாங்குகளில் உட்கார்ந்திருந்தவை எல்லாம் தெரிந்த முகங்கள், எல்லோரும் நோன்பு. போத்தலைத் திறந்து கொடுத்தால் வெட்கப்பட்டுத் திருப்பித் தருகிறார். நான் அவருக்கு முன்னால் நின்று, அபாயா அங்கியின் அகலக் கையை விரித்து மறைத்தேன்.

"அடுத்த நோன்புக்கும் சஹருக்கு என்னோட எழும்பணும். குடிங்க."

குடித்தார். காய்ந்த தொண்டையோடு, போத்தல் முடியும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.