மருந்துக்கு ஒரு போத்தல்

“கொழுந்து கிள்ளுற கைக்கு எழுத்து எதுக்குடா? படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?” நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி என் அப்பாவிடம் இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் பழகிய என்னுடைய அந்தக் கைதான், இன்று கலகெதர என்ற சிங்களக் கிராமத்தில் காய்ச்சல்காரர்களின் பெயரைப் பதிகிறது.

ராமநாதபுரத்தில் எங்கள் ஊர் வைத்தியர் சூரணத்தை இலையில் மடித்துத் தருவார். இங்கே மருந்துக்குப் போகிறவர் போத்தலும் கொண்டுபோக வேண்டும். மலேரியா பரவியதும் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தை மூடி மருந்து நிலையமாக்கினார்கள். காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணீர் இலவசம்தான். ஆனால் போத்தல் இல்லாதவருக்கு இல்லை.

சென்ற திங்கட்கிழமை ஒரு சிங்களப் பெண், துவண்டு கிடந்த மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள். மருந்து ஊற்றும் யாழ்ப்பாணத்து ஐயா மறுத்துவிட்டார்.

“மூணு மைல் நடந்து வந்திருக்காங்க ஐயா” என்றேன்.

“ஓம் பிள்ளை. சிரட்டையில குடுத்தா வழியிலயே ஊத்துண்டுபோடும். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே.”

எட்டு வயதில் இந்தத் தீவுக்கு வரும் வழியில் மண்டபம் முகாமில் நின்றது நினைவுக்கு வந்தது. தொற்றுநோய் கடல் தாண்டக் கூடாதென்று எங்களை நாட்கணக்கில் வேலிக்குள் வைத்து, துணிகளை ஆவியில் அவித்தார்கள். மேல் வகுப்புச் சீட்டுக்காரர்களோ ஒரு துண்டு அனுமதிக் காகிதத்தோடு நேரே கப்பலேறினார்கள். அங்கே சட்டம் இரண்டு. இங்கே ஒன்றுதான், ஆனால் எல்லார் வீட்டிலும் போத்தல் இல்லை.

அம்மா ராமநாதபுரத்திலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்த போத்தலில்தான் நான் தேநீர் எடுத்துப்போவேன். அதைத் தேநீரோடே அவளிடம் நீட்டினேன். குடிக்கத் தருகிறேன் என்று நினைத்து, மகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி முடித்துவிட்டாள். பிறகு நான் மருந்துப் பீப்பாயைக் காட்டியதும்தான் அவளுக்கு விளங்கியது. ஐயா போத்தலை வாங்கிக் கழுவி நிரப்பினார்.

“இனி உமக்குத் தேத்தண்ணி சிரட்டையிலதான்” என்றார்.

வியாழக்கிழமை அந்தக் குழந்தை தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தது. தாய் போத்தலைத் திருப்பித் தந்தாள். நான் மீண்டும் நிரப்பச் சொல்லி, அவளிடமே கொடுத்தேன். அது இனி எந்த ஊர்ப் போத்தல் என்று எனக்கே தெரியவில்லை.

வரிசையில் இன்னும் பலர் சிரட்டையோடு நின்றார்கள். மறுநாள் காலையே அக்குறணைக்குப் போய் ஒரு முஸ்லிம் கடையில் வெறும் போத்தல் கேட்டேன்.

“பன்னீர்ப் போத்தலும் ஈக்கிது மகள், எல்லாத்தையும் எடுங்க” என்றார் கடைக்கார நானா.

இதை எழுதும்போது இரண்டு சாக்குப் போத்தல்கள் காலடியில் கலகலக்கின்றன. கலகெதரவுக்குத் திரும்பும் பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிவிட்டது.