ஆறின சோறும் அரை முட்டையும்

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டுதான் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப் போய் வந்தேன். நாற்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டவில்லை, வங்கியில் வேலை. எல்லாரும் புத்தி சொல்லத் தோதான ஆள்.

சொன்னவர்களில் பெரியவர் அண்ணனின் பழைய மேலதிகாரி. பென்சன் எடுத்த பிறகு இயற்கை வைத்தியம் பற்றி இரண்டு புத்தகம் வாசித்துவிட்டு, டொக்டர்மாருக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்தவர். ஞாயிறுதோறும் வந்து, அண்ணி சுட்ட உழுந்து வடையைத் தின்றபடி சொல்லுவார்: "பிள்ளை, நீர் சாப்பிட்டால் நோயும் சேர்ந்து சாப்பிடும். அதைப் பட்டினி போடும். மீன், முட்டை ஒண்டும் வேண்டாம். பாகற்காய்ச் சாறு மட்டும்." சொல்லும்போது உதடு எண்ணெயில் மினுங்கும்.

"படிச்ச மனிசன் சொல்லுறார்" என்றான் அண்ணன். அவனைவிட மடைச்சி நான். வாயெல்லாம் புண், சோறு கொதிக்கிற மணத்துக்கே குமட்டும். சாப்பிடாமல் இருக்க ஒருவர் நியாயம் தந்ததும், அதை ஞானம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், சாறும் கஞ்சித் தண்ணியும்தான்.

அடுத்த தவணைக்குப் போனபோது டொக்டர் மருந்து ஏற்ற மறுத்துவிட்டார். உடம்பு தாங்காது, இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார். என்னை நிறுத்துப் பார்த்த சிங்களத் தாதி தனக்குத் தெரிந்த தமிழில் ஏசினாள்.

"பசி வரும் எண்டு பாக்கிறதா மிஸ்? வராது. மணிக்கூடு பாத்து சாப்பிடுங்க. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, கொஞ்சம் கொஞ்சம். ஆறவிட்டா மணம் குறையும். முட்டை, மீன், பருப்பு, இறங்குறது எதுவும். உறைப்பு மட்டும் வேணாம்."

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தடித்த பின்னலும் கொழுத்த கன்னமும். ஆமிக்காரன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துணியை விலக்கி மொட்டையைக் காட்டினேன். அட்டையைத் தந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன்மேல் வந்திருக்கவேண்டிய கோபமும் சேர்ந்து அந்தப் படிச்ச மனிசன்மேல்தான் வந்தது.

அன்று தொடங்கினேன். ஆறின குழைசோற்றில் அரை முட்டையும் பட்டரும் பிசைந்து அண்ணி தருவா. மரத்தூளை மெல்லுவதுபோல இருக்கும். சிலவேளை சத்தி வந்து தின்றதெல்லாம் வெளியே போகும். வாயைக் கொப்பளித்து, கொஞ்சம் பொறுத்து, திரும்ப மூன்று வாய்.

ஞாயிற்றுக்கிழமை முட்டைச் சோற்றுக் கோப்பையோடு முன்னறைக்கே போய் அவருக்கு எதிரே இருந்தேன்.

"முட்டையா? நான் என்ன சொன்னனான்?"

"சேர், எத்தினை வடை சாப்பிட்டியள்?"

"நாலு இருக்கும்."

"ஆறு. உங்களுக்குப் பசி கிடக்கு, எனக்கில்லை. ஆறு வடை திண்டுகொண்டு எனக்குப் பட்டினி படிப்பிக்க வேண்டாம்."

"என்ன கதை கதைக்கிறாய்!" என்று அண்ணன் எழும்பினான். அண்ணி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள், அடுப்படிக்குப் போனா.

இரண்டு கிழமையில் ஒன்றரைக் கிலோ ஏறியது. மருந்தும் ஏற்றினார்கள்; மிச்சத் தவணைகளையும் ஒன்றும் தவறாமல் முடித்தேன். மருந்து என் மூளைக்கு அடித்துவிட்டது என்று அந்த மனிதர் ஊரெல்லாம் சொன்னாராம். அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. எனக்கு அது பெரிய நட்டமாகப் படவில்லை.

பசி வர இன்னும் ஏழு மாதம் பிடித்தது. ஒரு பின்னேரம் வேலையால் வந்து, உடுப்பு மாற்றவும் பொறுக்காமல், குசினியில் நின்றபடியே பேக்கரியில் வாங்கிய பாணைத் தேங்காய்ப்பால் சொதியில் தோய்த்துத் தின்றேன். அண்ணி இன்னொரு துண்டு வெட்டித் தந்தா.