முகம் வெளுக்கும் வேலை

பதினொரு வருஷம் கல்யாண ஆல்பங்களில் பெண்களின் முகத்தை வெளுத்துக்கொண்டிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஸ்டுடியோ. காலையில் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் இதே வேலைதான். 'டச்சப்' என்போம். கறுப்பாக இருப்பவளை மாநிறமாக்க வேண்டும், மாநிறமாக இருப்பவளைச் சிவப்பாக்க வேண்டும். தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் போய்விடும். மாப்பிள்ளை முகத்துக்கு அவ்வளவு வேலை கிடையாது. இது தப்பு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. நன்றாகச் செய்கிறேன் என்ற கர்வம்கூட இருந்தது.

ஒருநாள் முதலாளி, "வெளிநாட்டுல ஆல்பம் எப்படி டிசைன் பண்றாங்கன்னு நெட்ல பாத்து வைம்மா" என்றார். தேடும்போது, உலகம் முழுக்க இன்றைக்குப் படம் எடுப்பவர்கள், வரைபவர்களின் வேலைகளைத் தொகுத்துப் போடும் ஒரு பக்கம் கிடைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். ஜப்பானில் ஒருவர் தன் அப்பா சவரம் செய்துகொள்வதையே வருஷக்கணக்காக எடுத்திருந்தார். மெக்சிகோவில் ஒருத்தி, துணி ஆலையில் வேலை செய்பவர்களின் கைகளை மட்டும் ஆளுயரத்துக்கு வரைந்திருந்தாள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒருத்தி தன் சித்திகள் ஐந்து பேரை, வாசற்படியில் ஒவ்வொருவராக உட்காரவைத்து எடுத்திருந்தாள்.

அந்தச் சித்திகளை விட்டு என்னால் நகர முடியவில்லை. அப்படி ஒரு கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் எத்தனை நிறம்! வெளிச்சம் விழுந்த கன்னம் செம்பு மாதிரி இருந்தது. கழுத்து மடிப்பில் நீலம் ஓடியது. ஒருத்தியின் நெற்றியில் பெரிய தழும்பு. அதை யாரும் அழிக்கவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் என்மேலேயே கோபம் வந்தது. பதினொரு வருஷமாக நான் மவுஸை இழுத்து இழுத்து அழித்தது இதைத்தானே? சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

அந்த வாரமே முசிறிப் பெண் ஒருத்தியின் ஆல்பம் வந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் ஜன்னலோரம் நின்று அவள் வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு படம். மேலுதட்டில் வேர்வை மினுங்கியது. நல்ல கறுப்பு. அதைத் தொடாமல் முழுப் பக்கத்துக்கு வைத்தேன்.

முதலாளி பார்த்தார். "என்னம்மா இது, கரண்ட் இல்லாதப்ப எடுத்த மாதிரி இருக்கு? வெளுத்துடும்மா."

"அவங்க முகமே அதுதான் சார்."

"அது அவங்களுக்குத் தெரியாதா? இப்படிக் குடுத்தா ஆல்பத்த நம்ம மூஞ்சியிலயே எறிவாங்க."

"அவங்களையே கேட்டுடறேன்" என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மறுநாள் நேரிலேயே வந்தாள். படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்குக்கா. ஆனா ஆல்பம் எங்க மாமியார் வீட்டுலதான இருக்கும்? அங்க ஏற்கெனவே நிறத்தப் பத்திப் பேசிட்டிருக்காங்க. வெளுத்துடுங்க." வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "இத மட்டும் இப்படியே என் போனுக்கு அனுப்பிடுங்கக்கா."

அனுப்பினேன். பிறகு உட்கார்ந்து அவள் முகத்தை வெளுத்தேன். படங்களில் அந்த மாமியார் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆல்பம் முழுக்க அந்த முகத்தைக் கரியாக்கியிருப்பேன்.

நாலைந்து மாதம் கழித்து முதலாளி போனை நீட்டினார். திரையில் அந்த ஆப்பிரிக்கச் சித்திகள். "பாத்தியாம்மா, என்ன லைட்டிங்! இப்ப இதுதான் டிரெண்டு. நம்மளும் இதே மாதிரி ஒரு ஷூட் போடறோம். மெட்ராஸ்லேருந்து மாடல் வருது. மேக்கப்புல கறுப்பாக்கிக்கலாம்."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம் வந்தது. "வர்ற பொண்ணு சிவப்பா சார்?"

"நல்ல சிவப்பு. அதான் மேக்கப்புங்கறேன்."

"கறுப்பா இருக்கறவங்கள வெளுக்கச் சொல்றீங்க. வெள்ளையா இருக்கறவங்களுக்குக் கறுப்புப் பூசச் சொல்றீங்க. அந்த முசிறிப் பொண்ணக் கூப்பிட்டா ஆகாதா?"

அவர் சிரித்தார். "அது கஸ்டமர்ம்மா."

அந்தச் சிரிப்புதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கியவள்தான். என் இடத்துக்கு அவர் ஆளே எடுக்கவில்லை. இப்போது ஒரு சாப்ட்வேர் இருக்கிறதாம். ஒரு பட்டனை அமுக்கினால் எண்ணூறு முகம் வெளுத்துவிடுமாம்.

நான் இப்போது ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சின்னக் கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கிறேன். போன வாரம் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வரன் பார்க்கப் படம் வேண்டுமாம்.

"கொஞ்சம் கலரா பண்ணிக் குடுங்க" என்றார், அவளை வைத்துக்கொண்டே.

"பண்ண மாட்டேங்க. பொண்ணு எப்படி இருக்காங்களோ அப்படித்தான் வரும்."

"எல்லாக் கடையிலயும் பண்றாங்களே?"

"அங்கயே போங்க."

மகளின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனார். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று அவள் முகத்தில் தெரியவில்லை. நான் கேமராவை மேஜைமேல் டங்கென்று வைத்தேன். அடுத்ததாகக் காத்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, "நான் வேணா அப்புறம் வரட்டுங்களா?" என்று கேட்டார்.