சானிடைசர் தெளித்த மனுக்கள்

அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு என்றால் வேலை ஒன்றுதான்: வருகிற தாளை வாங்கி, 'பெறப்பட்டது' என்று சீல் குத்தி, நம்பர் போட்டு, அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவது. கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்த காலத்தில், அடையாறு பக்கம் ஒரு கல்வி அலுவலகத்தில் அந்தச் சீல் என் கையில் இருந்தது. அப்போது மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவீர்கள், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாங்களும் உங்களைப் போலத்தான் முழித்துக்கொண்டிருந்தோம்.

வாசலில் ஒரு மேசை

உள்ளே யாரையும் விடக் கூடாது என்று உத்தரவு. கேட் அருகே மேசை போட்டு, குறுக்கே ஒரு கயிறும் கட்டி, என்னை உட்கார வைத்தார்கள். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஒரு சானிடைசர் பாட்டில். வருகிறவர் மனுவைத் தட்டில் போட வேண்டும். நான் அதன்மேல் தெளித்து, காய வைத்து, அப்புறம்தான் கையால் தொடுவேன்.

முதல் வாரமே மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேத்தி ஆறாம் வகுப்பு. மூன்று பக்கத்துக்கு டைப் அடித்த மனு. அதைத் தட்டில் போடாமல் கையில் ஆட்டிக்கொண்டே கத்தினார். தெருவோடு போன ஆட்டோக்காரர்கூட வண்டியை நிறுத்திக் கேட்டார். பள்ளியை மூடியதே நான்தான் என்பதுபோல என் தலையில் எல்லாம் விழுந்தது. கடைசியில் மூச்சு வாங்க மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சொன்னார்: "ரங்கநாதன் தெருவுல நிக்க இடமில்லே, ஒயின் ஷாப்புல க்யூ நிக்கறா. அங்கெல்லாம் வராத கிருமி என் பேத்தி கிளாஸ்ல மட்டும் உக்காந்துண்டிருக்கா?"

நீல இங்க்

ஆரோக்கியமேரி ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர். மகள் ஜெனிஃபர் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அதை அப்பா கடலுக்கு எடுத்துப் போய்விடுவார். அப்புறம் ஆன்லைன் வகுப்பாவது ஒன்றாவது! சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலைக்கு விடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். 'பள்ளிக்கூடத்தைத் திறங்கள், இல்லாவிட்டால் ஒரு போனாவது கொடுங்கள்' என்று அம்மா சொல்லச் சொல்ல மகளே எழுதிய மனு அது. முத்து முத்தான கையெழுத்து, இங்க் பேனாவில்.

நான் வழக்கம்போலத் தாராளமாகத் தெளித்தேன். அரை நிமிடத்தில் தாள் முழுக்க நீலம். மேலே 'மதிப்பிற்குரிய ஐயா' மட்டும் தப்பித்தது. அந்த அம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு தபா எழுதி, அடிச்சி திருத்தாத தாளா பாத்து எட்தாந்தேன். கிருமிய சாவடிக்கிறேன்னு எம் பொண்ணு எழுத்த சாவடிச்சிட்டியே சார்."

உரிய அலுவலர்

அன்றோடு தெளிப்பதை விட்டேன். மறுநாள் ஜெனிஃபர் மறுபடி எழுதிய மனு வந்தது. சீல் குத்தி மேலே அனுப்பினேன். மேலே இருந்தவர்கள் 'உரிய அலுவலருக்கு அனுப்பப்படுகிறது' என்று வேறு இடத்துக்கு அனுப்ப, அவர்கள் அதே வரியைப் போட்டு இன்னொரு இடத்துக்கு அனுப்ப, ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு தபால் வந்தது. பிரித்தால் அதே முத்துக் கையெழுத்து. உரிய அலுவலர் நாங்கள்தானாம்.

பதில் என்ன எழுதுவது என்று எங்கள் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருந்த மனிதர். வழக்கமானதைப் போடு என்றார். 'தங்கள் மனு அரசின் பரிசீலனையில் உள்ளது.' நானே டைப் அடித்து, அவரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். உண்மையில் எப்போது சார் திறப்பார்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மட்டும் எவன்யா சொன்னான்? டிவியில கீழ ஓடுற எழுத்தப் படிச்சுத்தான் நானும் தெரிஞ்சுக்கிறேன்."

லேமினேஷன்

நடுவில் ஒன்பதாம் வகுப்பைத் திறந்தார்கள். சில வாரத்திலேயே மறுபடி மூடினார்கள். மூடிய கையோடு ஆரோக்கியமேரி வந்து, பையிலிருந்து எங்கள் பதில் கடிதத்தை எடுத்தார். அதை லேமினேஷன் போட்டு வைத்திருந்தார்! அரசின் கோபுரச் சீலும் கையெழுத்தும் இருந்ததால் ஆர்டர் என்று நினைத்துவிட்டார். வேலைக்கு அனுப்பு என்று புருஷன் வாயெடுக்கும்போதெல்லாம் அதைக் காட்டி, 'கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துக்கீது, பொறு' என்று நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாராம்.

யோசிக்காமல் நான் டைப் அடித்த ஒரு வரியை நம்பி அந்தப் பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு. இது ஆர்டர் இல்லையம்மா, வெறும் பதில் என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் அவரே கேட்டார்: "எங்க ஊட்டுக்காரு இப்பல்லாம் நம்ப மாட்றாரு சார். பரிசீலனைன்னா எத்தினி நாளு? தேதிய மட்டும் இதுமேல எழுதிக் குடு, போதும்."

நல்ல செய்தி

நான் தேதி எழுதவில்லை. எழுதுவதற்கு எனக்கு என்ன தெரியும்? பல மாதங்கள் கழித்து ஒரு வழியாகப் பள்ளியைத் திறந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் பாஸ், ஜெனிஃபர் பத்தாவது. மனுவில் இருந்த நம்பரைத் தேடி எடுத்து, போன் கடலிலிருந்து திரும்பியிருக்கும் நேரம் பார்த்துச் சாயங்காலம் நானே பேசினேன். "அப்டியா சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் அவள் அம்மா.

மறுநாள் மீன் கூடையோடு வந்தார். மகள் இரண்டு மாதமாக அந்த ஜவுளிக்கடையில்தான் நிற்கிறாளாம். ஹெச்.எம்.மிடம் நானே பேசுகிறேன், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். "நான் கூப்ட்டு பாக்காமயா சார்? ஒன்பதாவதே சரியா படிக்காம பத்தாவதுல போயி இன்னா பண்றதுன்னு அழுவுறா. மத்தவங்க சிரிப்பாங்களாம்" என்றார். பிறகு லேமினேஷன் போட்ட கடிதத்தை எடுத்து என் பிளாஸ்டிக் தட்டில் வைத்தார். "நீயே வச்சிக்க சார். பரிசீலனை முடிஞ்சிபோச்சி."

இத்தனை வருட சர்வீஸில் நான் 'பெறப்பட்டது' போட முடியாமல் போனது அந்த ஒரு தாளுக்குத்தான். எத்தனை அழுத்திக் குத்தியும் லேமினேஷன்மேல் சீல் மை ஒட்டவில்லை.