பிரபுவின் மனைவி கட்டியிருந்த தாலி

கலியாணம் முடிந்து மூன்று மாதமாகியும் என் மனைவி என்னோடு பத்து வசனம் கதைத்திருக்க மாட்டாள். சாப்பாடு வைப்பாள், தேத்தண்ணி தருவாள், போய்விடுவாள். என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று எப்படி அறிவது? வாய் விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. அறுபதுகளில் பண்டத்தரிப்புப் பக்கம் ஒருவரும் அப்படிக் கேட்பதில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட்டார்கள். சரித்திரம் படிப்பிக்கிற மாஸ்டர் எழுதியது. பழைய காலத்து இங்கிலாந்தில் அரசனை எதிர்த்துக் கலகம் செய்த ஒரு பிரபு, அவர் மனைவி, நான்கு ஆண்பிள்ளைகள். கடைசியில் அரசன் பிரபுவின் தலையை வெட்டுவிப்பான். பிரபு நான்தான். என் பிள்ளைகளில் இரண்டு பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். வெட்டுப்படுமுன் எனக்கொரு நீண்ட வசனம் இருந்தது. அதைக் கேட்டால் கல்லும் கரையும் என்றார் மாஸ்டர். என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலே போதும், எனக்கு விடை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். காலையும் மாலையும் கிணற்றடியில் வாழைகளுக்கு முன்னால் நின்று செத்துப் பழகினேன்.

பிரபுவின் மனைவியாக நடித்தவர் ஒரு புகையிலைத் தோட்டக்காரர். மீசையை வழித்து, தமக்கையின் கூறைச்சேலையை உடுத்து, தகரத்தில் வெட்டிய தாலியும் கட்டிக்கொண்டார். இங்கிலாந்தில் தாலி இல்லை என்று மாஸ்டர் தயங்கினார்.

"தாலி இல்லாட்டில் சனம் என்னை ஆரெண்டு நினைக்கும்?" என்று தோட்டக்காரர் கேட்டதும் மாஸ்டர் சம்மதித்தார். கட்டிய தாலியைப் பிறகு கழற்றத்தானே வேண்டும்? பிரபு செத்ததும் அதைக் கழற்றி எறிந்து குழறி அழுவதாக ஒரு காட்சியைச் சேர்த்தார்கள்.

ஒத்திகை பார்க்க வந்த என் மாமியார் கண்டது சரியாக அந்தக் காட்சியைத்தான்.

"கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம்தான். மருமோன் மேடையிலை சாகேலாது, மாஸ்டர்!"

"சரித்திரத்தை மாத்தேலாது, அம்மா."

"அப்ப மருமோனை விட்டிட்டு வேறை ஆரையும் சாகச் சொல்லுங்கோ."

எனக்குப் பதிலாகச் சாக ஒருவரும் முன்வரவில்லை. மாஸ்டர் சரித்திரத்தை மாற்றினார். அரசன் மன்னிப்பான், பிரபு ஊருக்குப் போய்த் தோட்டம் செய்வார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் மாமியாரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

விழா அன்று பின்னேரம், அரசனாக நடித்த சங்கக்கடை மனேச்சருக்கு மன்னிக்க வாய் வரவில்லை. பழகிய பழக்கத்தில், "வெட்டடா தலையை!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்தார். நான் விடுவேனா? உடனே முழந்தாளிட்டு வசனத்தைத் தொடங்கினேன்.

பெண்கள் பக்கத்தில் மாமியார் எழும்பினார். "நிப்பாட்டுங்கோ!"

பக்கத்திலிருந்த என் மனைவி அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இருங்கோ. அவர் சொல்லி முடிக்கட்டும்."

அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவள் குரலைக் கேட்டதில் எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. கோடரியைத் தூக்கிக்கொண்டு நின்றவன் கை உளையுது என்று முணுமுணுத்தான். அப்போது பாயில் இருந்தபடியே அவள் அந்த வரியை எடுத்துக் கொடுத்தாள். நான் சொன்னதும் அதற்கு அடுத்த வரியையும் கொடுத்தாள். அவள் சமைக்கிற குசினியின் யன்னல் கிணற்றடியைப் பார்த்தபடி இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒருவழியாகச் செத்தேன். மாமியார் முறைத்துக்கொண்டு நின்றதால், தோட்டக்காரர் தாலியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடியே குழறி முடித்தார்.

வீட்டுக்குப் போகும்போது மாமியார் முன்னால் விறுவிறென்று நடந்தார். நான் மெல்லக் கேட்டேன்.

"அழுதனீரே?"

"இல்லை."

அதுதான் விடை என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"கிணத்தடியிலை இதைவிட நல்லாச் செத்தனீங்கள். நான் அழுகிறதெல்லாம் குசினியிலையே அழுது முடிச்சிட்டன்."